அரைக் கட்டை வித்தியாசம்

போன மாசம் பெரம்பலூர்லேர்ந்து மூணு பேரு வூடு தேடி வந்தாங்க. புதுசா ஒரு நாடகக் குழு வெச்சிருக்காங்க. நல்லாவும் ஓடுது, சுத்துப்பட்டுல திருவிழான்னா அவங்களைத்தான் கூப்புடுறாங்க. ஒக்காந்ததும் ஒருத்தன் போனை எடுத்து, எழுதிக்கத் தயாரா வெச்சுக்கிட்டு, "அண்ணே, ஆம்பளக் குரலுக்கு நல்லா தூக்கிக் குடுக்குற மாதிரி ஒரு பத்து மேடைப் பாட்டு சொல்லுங்க. ஜனம் அப்புடியே அசந்துபோவணும்"னான்.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "நான் என்ன மருந்துக் கடையா வெச்சிருக்கேன், தலவலிக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு ஒண்ணுன்னு எடுத்துக் குடுக்க? பாடப்போறவன் எவன்? அவனைக் கூட்டியாந்தீங்களா?"ன்னு கேட்டேன். மூணு பேரும் முழிச்சாங்க. என் வூட்டுக்காரி காப்பியக் குடுத்து சமாதானம் பண்ணி அனுப்பி வெச்சா.

அவங்க போனதுக்கப்பறம்தான் யோசிச்சேன். அவங்க கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. பதில் சொல்றதுன்னா, நான் ஒரு மனுசனுக்குப் பண்ணுன காரியத்தையும் சேத்துச் சொல்லியாவணும். நேர்ல சொல்ல வாய் வரல. அதான் எழுதுறேன்.

என் பேரு அந்தோணி. சொந்த ஊரு வரதராஜன்பேட்டை. மாதா கோயில்ல பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிச்சுப் பழகுனேன். இருபத்திரண்டு வயசுல அரியலூர்ல ஒரு நாடகக் குழுவுல சேந்தேன். அதுக்கப்பறம் நாப்பது வருஷம் பொட்டியும் நானுமாத்தான் இருந்தேன். ஆர்மோனியத்தை எங்காளுங்க பொட்டின்னுதான் சொல்லுவோம். கத்துக்கிட்ட கதையெல்லாம் இவ்வளவுதான், அதுல ருசியா சொல்ல ஒண்ணும் இல்ல.

குழுவை நடத்துனவரு வாத்தியார். பேரு இருந்துச்சு, யாரும் சொல்ல மாட்டோம். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல அவரு வூட்டு மாடியிலதான் ஒத்திகை. ரயில் வந்தா கையை மட்டும் தூக்குவாரு, பாடிக்கிட்டிருந்தவன் பாதி எழுத்துல நிப்பாட்டிடணும். கடைசிப் பொட்டி கடந்துபோனதும் கை எறங்கும், விட்ட எழுத்துலேர்ந்தே எடுக்கணும். சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. அவருக்கிட்ட இருந்ததெல்லாம் ஒரு "ம்"தான். நல்லா இருந்தா ஒரு ம், மறுபடி பாடுன்னா ஒரு ம், எந்திரிச்சுப் போடான்னா ஒரு ம். மூணையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

பாட்டு பொறுக்குறது எனக்கும் அவருக்கும் உள்ள வேலை. அவரு செய்யுற முறை இப்புடித்தான். ஒருத்தன் புதுசா வந்தா மொதல்ல பாடச் சொல்ல மாட்டாரு. மொட்டை மாடிக்கு அனுப்பி, கீழ ரோட்டுல போற யாரையாவது பேரு சொல்லிக் கூப்புடச் சொல்லுவாரு. அவன் "ஏ மாரிமுத்தூ"ன்னு கூப்புடுவான். அந்தக் கூப்பாடு பொட்டியில எந்தக் கட்டையில விழுதுன்னு நான் தடவிப் பாத்துச் சொல்லணும். கட்டைன்னா வேற ஒண்ணுமில்ல, ஒருத்தன் எந்த உசரத்துலேர்ந்து பாட்டை எடுக்குறானோ அதான் அவன் கட்டை. நம்பரு ஏற ஏறச் சுருதியும் ஏறும். ஆம்பளையில நாலு கட்டை சாதாரணம், அஞ்சு கட்டைன்னா நல்ல தொண்டை. அஞ்சரைன்னா ஊரே பேசும்.

அடுத்து, பாட்டை ராகம் இல்லாம வாசிக்கச் சொல்லுவாரு, கடையில சாமான் கேக்குற மாதிரி. வாசிக்கும்போதே புரியலன்னா அந்தப் பாட்டு அவனுக்கு இல்ல. அதுக்கப்பறம்தான் பாட்டு. பாடுறப்ப அவன் மூஞ்சியப் பாக்க மாட்டாரு, கால் விரலைத்தான் பாப்பாரு. மேல போறப்ப கட்டைவிரல் தரையை விட்டு எழும்புச்சுன்னா அந்தப் பாட்டு அவனை மீறிப் போவுதுன்னு அர்த்தம். "மூஞ்சி நடிக்கும்யா, காலுக்கு நடிக்கத் தெரியாது"ம்பாரு.

இன்னொண்ணு. பாட்டோட உச்சியில என்ன எழுத்து விழுதுன்னு பாப்பாரு. ஆம்பளத் தொண்டை மேல போறப்ப ஆவும் ஓவும் வந்தா வாய் தொறந்து குரல் விரியும். ஈயும் ஊவும் வந்தா குரல்வளையை யாரோ புடிச்ச மாதிரி ஆயிடும். ராகத்தைக் குத்தம் சொல்லாம எழுத்தைத்தான் மாத்துவாரு.

எங்க குழுவுக்குன்னு பேரு வாங்கிக் குடுத்த பாட்டு அப்புடி மாத்துனதுதான். வாத்தியாரே எழுதுன நாடகம். நாட்டைப் பறிகுடுத்த ராஜா, யாருக்கும் தெரியாம கொள்ளிடத்துல ஓடம் தள்ளுறாரு. பல வருஷம் கழிச்சு அவரு பொண்ணே கல்யாணப் பொண்ணா அந்த ஓடத்துல வந்து ஏறுது. அதுக்கு அப்பனைத் தெரியல. இவரு சொல்லவும் முடியாது, சொன்னா கல்யாணம் நின்னுபோவும். துடுப்பைப் போட்டுக்கிட்டே பாடுறாரு:

யாரென்று கேளாதே – இந்த
ஆற்றோடு போகட்டும் என் பேரு
அக்கரை போய்ச் சேரு நீயே

அந்த 'நீ'தான் உச்சி. ராஜா வேஷம் கட்டுற செல்லமுத்து அண்ணன் எத்தனை தடவை பாடினாலும் அந்த எடத்துல குரல் ஒல்லியாப் போவுது. வாத்தியார் மூணு நாளு ஒண்ணும் சொல்லல. நாலாம் நாளு பென்சிலை எடுத்து 'நீயே'வை அடிச்சுட்டு 'அம்மா'ன்னு எழுதுனாரு. "அக்கரை போய்ச் சேரு அம்மா." அண்ணன் எடுத்தாரு பாருங்க, அந்த 'மா' மாடி சுவத்துல போய் அடிச்சுட்டுத் திரும்பி வந்துச்சு.

தொண்டைக்காக மாத்துனது வேற ஒரு வேலையும் பண்ணிடுச்சு. ஓடத்துல ஏறுற எந்தப் பொம்பளையையும் ஓடக்காரன் அம்மான்னுதான் கூப்புடுவான். பெத்த பொண்ணையும் அப்பன் அம்மான்னுதான் கூப்புடுவான். ஓடத்துல இருக்குற பொண்ணுக்கு மொதல் அர்த்தந்தான் வெளங்கும், கீழ ஒக்காந்திருக்குற ஜனத்துக்கு ரெண்டாவது வெளங்கும். முந்தானையை எடுக்காத பொம்பளையை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல. பாட்டுல அண்ணன் மேல போறது அந்த ஒரே ஒரு எடத்துலதான். மத்ததெல்லாம் கீழ, பேச்சு மாதிரி. பெரம்பலூர்த் தம்பிங்களே, இதைக் குறிச்சுக்குங்க. எட்டு தடவை மேல போற பாட்டு எட்டு தடவை கைதட்டு வாங்கும், வூட்டுக்குப் போறப்ப ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது.

செல்லமுத்து அண்ணன் என்னைவிட அஞ்சு வயசு மூத்தவரு. அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம். காலங்காலமா அடுத்தவங்க காட்டுல கூலிக்குப் போன குடும்பம். பகல்ல சுண்ணாம்புக்கல் லாரியில லோடு ஏத்துவாரு. கிரீடத்தை வெச்சாருன்னா நடையே மாறிடும். தன் வூட்டு வாசல்ல அவரை ஒக்காரச் சொல்லாத ஆளுங்க, மேடையில அவரு வர்றப்ப முன்வரிசையில ஒக்காந்து கையைக் கட்டிக்கிட்டுப் பாப்பாங்க. "அந்தோணி, எனக்கு அஞ்சரைக் கட்டைதான்டா பட்டா நெலம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. சிரிச்சாலும் அது உண்மை, அவருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

இப்ப நான் பண்ணுன காரியத்துக்கு வரேன்.

ஒரு சித்திரையில வண்டியில போறப்ப கோடை மழைத்தண்ணி பொட்டிக்குள்ள எறங்கிடுச்சு. ரீடெல்லாம், அதான் காத்துல அதிர்ந்து சத்தம் குடுக்குற பித்தளைத் தகடெல்லாம், களிம்பேறிப் போச்சு. திருச்சியில ஒரு கடையில குடுத்து ரீடு அத்தனையும் புதுசு போட்டு வாங்கியாந்தேன். வாசிச்சுப் பாத்தா அம்புட்டு சந்தோசம், சத்தம் பளிச்சுன்னு தெறிக்குது. "பொட்டிக்கு வயசு கொறைஞ்சுபோச்சு"ன்னு எல்லாருக்கிட்டயும் பீத்திக்கிட்டேன்.

அந்தப் பளிச்சுக்குக் காரணம் வேற. புது ரீடு எல்லாமே அரைக் கட்டை ஏறிக் கெடந்துச்சு. நான் அஞ்சரையை அமுக்குனா ஆறு பேசுது. எல்லா ரீடும் ஒண்ணா ஏறியிருக்குறதால ஒண்ணுக்கொண்ணு சரியாத்தான் இருக்கும், தனியாக் கேட்டாத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நீங்க கேக்கலாம். நானே என்னை அதைத்தான் கேட்டுக்கிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பொட்டி சொன்னதையே சுருதின்னு நம்பிப் பழகுன காது. அது மாத்திச் சொன்னப்பவும் நம்புச்சு.

சொல்ல ஆளு இல்லாம இல்ல. ராஜா பொண்ணா நடிக்கிற சரோஜா அக்கா, "என்னமோ தெரியல தம்பி, தொண்டை கட்டிக்கிட்டே இருக்கு"ன்னு உப்புத்தண்ணியாக் கொப்புளிச்சுச்சு. மிருதங்கக்காரரு பொட்டிக்குத் தக்கனதான் தோலை இழுத்துக் கட்டணும், அவரு ஒரே மாசத்துல ரெண்டு தோலைக் கிழிச்சுட்டு வெயிலைத் திட்டுனாரு. நானும் கூடச் சேந்து வெயிலைத் திட்டுனேன். எனக்கு உறைக்கவே இல்ல.

பூலாம்பாடி திருவிழாவுல நாடகம். ஓடத்துப் பாட்டுல 'அம்மா'ன்னு எடுத்த எடத்துல அண்ணன் குரல் ரெண்டாப் பொளந்துபோச்சு. அத்தனை வருஷத்துல அது மொதல் தடவை. கூட்டத்துல யாரோ விசில் அடிச்சான், நாலு பேரு சிரிச்சாங்க. அண்ணன் துடுப்பை விடாம மீதிப் பாட்டைப் பாடி முடிச்சாரு.

ரெண்டு நாளு கழிச்சு காலையில பத்து மணிக்கு வாத்தியார் மாடிக்குக் கூப்புட்டு வுட்டாரு. அவரு, நான், அண்ணன், மூணே பேரு. "எடு"ன்னாரு. நான் அஞ்சரையைக் குடுத்தேன். அண்ணன் எடுத்தாரு. உச்சிக்குப் போனப்ப மறுபடியும் பொளந்துச்சு. நான் வாத்தியாரைப் பாத்தேன், அவரு அண்ணன் காலைப் பாத்துக்கிட்டிருந்தாரு. விரலு எழும்பி நிக்கிது. மூணு தடவை பாடச் சொன்னாரு, மூணு தடவையும் அதே கதி.

வாத்தியார் என் பக்கம் திரும்புனாரு. "பொட்டிக்காரன் நீ சொல்லுய்யா. என்ன?"

கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். வேற பொட்டியில பாக்கலாங்கன்னு சொல்லியிருக்கலாம். அப்ப எனக்கு என் காது மேல இருந்த திமிரு கொஞ்சநஞ்சம் இல்ல. "பொட்டி பொய் சொல்லாதுங்க. அண்ணனுக்குத் தொண்டை போயிடுச்சு"ன்னேன்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பாத்தாரு. கோவமெல்லாம் இல்ல. டாக்டரு கையை விரிச்சுட்டா நம்ம ஆளுங்க பாப்பாங்கள்ல, அந்த மாதிரி. அப்பறம் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "அந்தோணியே சொல்லிட்டான்னா சரியாத்தாங்க இருக்கும்"னாரு.

வாத்தியார் மந்திரி வேஷம் தரேன்னாரு, அதுல பாட்டு கெடையாது. அண்ணன் கும்புட்டுட்டுப் படி எறங்கிட்டாரு. அதுக்கப்பறம் வரல.

ராஜா வேஷத்துக்கு லெப்பைக்குடிக்காட்டுலேர்ந்து காதர் பாய் வந்தாரு. சவுதியில பத்து வருஷம் இருந்துட்டு வந்து அத்தர் கடை வெச்சிருந்தவரு, அருமையான குரலு, தங்கமான மனுசன். அவரு கூப்பாடு பொட்டியில அஞ்சு கட்டையில விழுந்துச்சு. "செல்லமுத்து அண்ணன் அளவுக்கு நமக்கு ஏறாது, அல்லா குடுத்தது அஞ்சுதான்"னு அவரே சொல்லிக்குவாரு. அப்பவே பாடுறப்ப கழுத்து நரம்பு புடைக்கும். நெசத்துல அவரும் பாடுனது அதே அஞ்சரையிலதான்னு அப்ப யாருக்குத் தெரியும்?

நாலு மாசம் போச்சு. எங்க ஊரு கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போனேன். அங்க புதுசா கீபோர்டு வாங்கியிருந்தாங்க, கரண்டுல வேலை செய்யுறது. வாசிக்கிற டீச்சரம்மா என் பக்கத்து வூட்டுப் பொண்ணுதான். ரெண்டு பேரும் நாலு கட்டையில சேந்து எடுத்தோம். எடுத்ததுமே காதுல நாராசம்.

"நாலுதான புடிச்சிருக்க?"ன்னு அதட்டுனேன்.

"நாலுதான் மாமா."

"இல்ல, எறங்கிக் கெடக்கு ஒன்னோடது."

அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "இது எறங்காது மாமா, கம்பெனியில செட் பண்ணுனது. உங்க பொட்டிதான் அரைக் கட்டை ஏறியிருக்கு"ன்னுச்சு.

அரைக் கட்டை. அவ அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு எல்லாம் வரிசையா வந்து நின்னுடுச்சு. உப்புத்தண்ணி, கிழிஞ்ச தோலு, காதர் பாய் கழுத்து நரம்பு, அண்ணன் கால் விரலு. பூசை முடியுற வரைக்கும் எப்புடி வாசிச்சேன்னு எனக்கே தெரியாது.

அப்பவாவது நேரா அரியலூருக்குப் போயிருக்கணும். போவல. பயம். கும்பகோணத்துல ஒருத்தர்கிட்ட குடுத்து ரீடை எறக்கி சரி பண்ணி, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி ஒத்திகைக்குப் போய் ஒக்காந்தேன். அன்னைக்குன்னு பாத்து சரோஜா அக்கா, "அப்பாடா, தொண்டை சரியாப் போச்சு. கஷாயம் வேலை செய்யுது"ங்குது. மிருதங்கக்காரரு வெயில் கொறைஞ்சுபோச்சுங்குறாரு. காதர் பாய் அஞ்சுல பாடிட்டு, "இன்னிக்கு என்னங்க இம்புட்டு லேசா இருக்கு?"ன்னு கேக்குறாரு. வாத்தியார், "ம். காதருக்கு அரைக் கட்டை ஏத்திப் பாக்கலாமே"ங்குறாரு. நான் குனிஞ்ச தலை நிமிரல. மூணு வாரம் அப்புடியே ஓட்டுனேன்.

நாலாவது வாரம் பொட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனேன். அண்ணன் சிமெண்ட் ஆலைக்கு வெளிய லாரி நிக்கிற எடத்துல இருக்குறதா கேள்விப்பட்டேன். முதுகுவலின்னு லோடு ஏத்துறதை விட்டுட்டு, வரிசையில நிக்கிற வண்டியைப் பேரு சொல்லிக் கூப்புட்டு உள்ள அனுப்புற வேலை. தூரத்துல வர்றப்பவே கேட்டுடுச்சு. "ஏ... நாமக்கல்லு வண்டீ..." மைக்கு கெடையாது, வெறும் தொண்டை. அந்தச் சத்தத்துல கடைசி லாரிக்காரன் எந்திரிச்சு வண்டியை எடுக்குறான்.

நான் புளியமரத்தடியில பொட்டியை எறக்கி அஞ்சரையை அமுக்குனேன். அடுத்த கூப்பாடு வந்து அதுமேலயே ஒக்காந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு, வெக்கமில்லாம அழுதேன்.

அண்ணன் பாத்துட்டு வந்தாரு. "என்னடா அந்தோணி, வூட்டுல யாருக்காவது ஒண்ணுன்னா சொல்லு"ன்னாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். ரீடு, கீபோர்டு, மூணு வாரம் மறைச்சது, எதையும் விடல. லாரிக்காரன் ஒருத்தன் வந்து சீட்டு கேட்டான், இருடான்னு கை காட்டுனாரு.

"வூட்டுல பாடுறதையே விட்டுட்டேன்டா"ன்னாரு. "பேத்தி கேக்குறா, தாத்தா ஓடத்துப் பாட்டு பாடுன்னு. தொண்டை போயிடுச்சுடி தங்கம்னு சொல்லிச் சொல்லி எனக்கே அதான் நெசம்னு ஆயிடுச்சு. பொட்டி போயிடுச்சுன்னு ஒனக்குத் தோணலையே, தொண்டை போயிடுச்சுன்னுதான தோணுச்சு?"

கால்ல விழப் போனேன். தோளைப் புடிச்சு நிறுத்திட்டாரு. "வாத்தியார்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்லண்ணே."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அங்கதான சொன்ன, தொண்டை போயிடுச்சுன்னு. அதே மாடியில போய் சொல்லு. அத்தனை பேரு முன்னாடியும் சொல்லு. அப்பறம் வரேன்."

மறுநாளு ஒத்திகைக்கு எல்லாரும் கூடுன பெறகு எந்திரிச்சு நின்னு சொன்னேன். சரோஜா அக்கா, "அடப்பாவி, ஒரு மூட்டை உப்பைக் காலி பண்ணுனேனேடா"ன்னு தலையில அடிச்சுக்கிச்சு. காதர் பாய், "அப்ப நான் பாடுனது அஞ்சரையா? மாஷா அல்லா!"ன்னு ஒரு நிமிசம் பூரிச்சுப் போனாரு. அடுத்த நிமிசமே மூஞ்சி மாறி, "அது அவரு எடங்க. கூட்டியாந்துடுங்க, நான் தளபதி கட்டுறேன்"னாரு. அந்த மனுசனுக்கு அதைச் சொல்ல நாலு நொடிகூட ஆவல. எனக்கு மூணு வாரம் ஆச்சு.

ரயில் வந்துச்சு, வாத்தியார் கையைத் தூக்குனாரு, ரயில் போச்சு, கையை எறக்குனாரு. "கேட்டது நான். அவன் கால் விரலைப் பாத்து முடிவு பண்ணுனதும் நான். பொட்டியைப் பாக்கணும்னு எனக்கும் தோணல"ன்னாரு. அப்பறம் செருப்பை மாட்டிக்கிட்டு அவரே பஸ் ஏறிப் போய் அண்ணனைக் கூட்டியாந்தாரு. ரெண்டு பேரும் அங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் கேட்டதில்ல.

அண்ணன் மாடிக்கு வந்தாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். நான் வேகமா ஒக்காந்து அஞ்சரையை அமுக்குனேன். நாடகத்துல வழக்கம் அதான், பொட்டி சுருதி குடுக்கும், பாடுறவன் அதைக் கேட்டு எடுப்பான். அண்ணன் உள்ளங்கையைக் காட்டுனாரு. "நிறுத்து."

நிறுத்துனேன். சுருதியே இல்லாம தானா எடுத்தாரு. யாரென்று கேளாதே. ரெண்டு எழுத்து அவரு தனியாப் போனதுக்கப்பறம் நான் தட்டுத் தடுமாறித் தேடிப் புடிச்சேன். அஞ்சரைதான், ஒரு நூலு கொறையல. உச்சியில அந்த 'மா' அப்புடியே நின்னுச்சு. சரோஜா அக்கா தேம்பித் தேம்பி அழுதுச்சு. நானும் அழுதேன், ஆனா வேற காரணத்துக்கு.

அன்னையிலேர்ந்து ஒம்போது வருஷம் செல்லமுத்து அண்ணன் என் பொட்டியைக் கேட்டுப் பாட்டு எடுக்கவே இல்ல. எந்த ஊரு மேடையா இருந்தாலும் அவரு பாட்டு வர்றப்ப நான் கையை எடுத்துடணும். அவரு எடுப்பாரு, நான் பின்னாடி தேடிக்கிட்டு ஓடுவேன். மத்தபடி ஒண்ணும் இல்ல. என் பொண்ணு கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து வேலை பாத்தாரு, ஒரே தட்டுல சாப்புட்டோம், நல்லாத்தான் பேசுவாரு. ஆனா சுருதி மட்டும் கேக்க மாட்டாரு. கூட்டத்துக்கு அது ஒரு வித்தையாத் தெரியும், "பொட்டியே இல்லாம எடுக்குறாரு பாரு"ன்னு பேசிக்குவாங்க. குழுவுல இருக்குற எல்லாருக்கும் காரணம் தெரியும். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்குன்னு இருக்கும். நாயம்தான்.

அதுலேர்ந்து நான் பாட்டு பொறுக்குற முறையும் மாறிப்போச்சு. எந்த ஆம்பள வந்தாலும் சுருதி குடுக்க மாட்டேன். ஒனக்குத் தோணுற எடத்துல நீ எடுன்னுடுவேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சாப்பிட்டுட்டு ஒரு தடவை. மூணு நாளு கேட்டா அவன் குரல் எங்க குடியிருக்குன்னு தெரிஞ்சுடும். அதுலேர்ந்து எண்ணி, ஒரே ஒரு தடவை மட்டும் மேல கூட்டிக்கிட்டுப் போயி எறக்கி வுடுற பாட்டாத் தேடுவேன். தம்பிங்களே, உங்க கையில இருக்குற போன்ல சுருதி சரியான்னு காட்டுற ஆப்பு இருக்குல்ல? தெனம் அதுல பொட்டியைப் பாருங்க. கீபோர்டையும் பாருங்க, எவனாவது பட்டனை அமுக்கி மாத்தி வெச்சிருப்பான். அந்த வசதி அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா ஒரு மனுசன் அஞ்சு மாசம் ஊமையா இருந்திருக்க வேணாம். எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியாத்தான் பாடுறவன் மேல கையைக் காட்டணும்.

வாத்தியார் தவறிப்போன பெறகு காதர் பாய்தான் குழுவை நடத்துனாரு. செல்லமுத்து அண்ணன் அறுபது தாண்டுனதும், போதும்ப்பா, எறங்கிக்கிறேன்னுட்டாரு. கடைசி நாடகம் அரியலூர்லயே ஒரு கல்யாண மண்டபத்துல, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வெச்சோம். அவரு ஊர்லேர்ந்து மூணு வேன்ல ஆளுங்க வந்திருந்தாங்க. பேத்தி பெரிய பொண்ணா மொத வரிசையில ஒக்காந்திருந்துச்சு.

அந்த ஆறேழு மாசமா எனக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. அண்ணன் தானா எடுக்குற எடம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கிட்டு வருது. சில நாளு அஞ்சரை, சில நாளு அஞ்சே காலு, இப்பல்லாம் அஞ்சுக்குப் பக்கம். இந்தத் தடவை பொட்டியை நாலு எடத்துல ஒத்துப் பாத்துட்டேன். பொட்டி சரியாத்தான் இருக்கு. அவருக்குக் கடைசி நாளு, ஆசையில அஞ்சரையிலதான் எடுப்பாரு. எடுத்தா பேத்தி முன்னாடி பொளந்துபோவும். தெரிஞ்சும் சொல்றதுக்கு எனக்கு வாய் இல்ல. அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லித் தொலைச்சவன் நான்.

ஓடத்துப் பாட்டு வந்துச்சு. வழக்கம் மாதிரி நான் கையை எடுத்துக்கிட்டேன். அண்ணன் துடுப்போட வந்தவரு பாட்டை எடுக்கல. மேடை ஓரத்துக்கு, என் பக்கத்துக்கு வந்து குனிஞ்சாரு.

"சுருதி குடு அந்தோணி"ன்னாரு. "அஞ்சரை."

ஒம்போது வருஷம் கழிச்சுக் கேக்குறாரு. நான் காத்திருந்ததும் அந்த வார்த்தைக்குத்தான். கேட்டதைக் குடுத்துட்டுப் பேசாம இருந்துடலாம். கண்ணை மூடிக்கிட்டு வெரலை அரைக் கட்டை கீழ தள்ளி வெச்சு, அஞ்சரைன்னு ஏமாத்தியும் குடுத்துடலாம், அவருக்குத் தெரியாது. என் கை பொட்டி மேலயே நிக்கிது.

"அண்ணே, அஞ்சரை வேணாம்"னேன். "அஞ்சு போதும்."

அண்ணன் என்னைப் பாத்தாரு. கூட்டம் காத்துக்கிட்டிருக்கு, சரோஜா அக்கா ஓடத்துல ஒக்காந்து முழிக்கிது.

"அரைக் கட்டை எங்கடா கொறையிது? பொட்டியிலயா, தொண்டையிலயா?"

"தொண்டையிலதாண்ணே."

ஒரு மூச்சு இழுத்து விட்டாரு. அப்பறம் சிரிச்சாரு.

"அப்ப சரி. அஞ்சே குடு."

குடுத்தேன். அவரு நின்னு, காது குடுத்து முழுசாக் கேட்டுட்டு, அதுலேர்ந்து எடுத்தாரு.